முந்தின வீட்டுக்காரர் பெயர்

பள்ளிக்கூடத்துச் சுவரில் ஒட்டியிருந்த பட்டியலை வாத்தியார் உரக்கப் படித்துக்கொண்டு வந்தார். தாள் முழுக்க இங்கிலீஷ் எழுத்து. எங்கள் குப்பத்தில் அதைப் படிக்கக்கூடியவர் அவர் ஒருவர்தான். முதலில் பெண்ணின் பெயர், பிறகு இன்னாருடைய மனைவி என்று ஆணின் பெயர். புயலில் பாதிக் குடிசைகள் போய்விட்டன. மேட்டில் அரசாங்கம் கல்வீடு கட்டித் தரப்போகிறது. யார் யாருக்கு வீடு என்று சொல்லும் பட்டியல் அது.

என் பெயர் வந்தது. வாத்தியார் அடுத்த பெயரைப் படிக்காமல் நின்றார். கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். பிறகு வேறு வழியில்லாத மாதிரி படித்தார்.

அது என் புருஷன் பெயர் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் பெயர்.

நான் அவரை அண்ணன் என்று கூப்பிடுகிறவள். அவர் பெண்சாதியை அண்ணி என்பேன். எங்கள் தெருவில் என் குடிசைதான் கடைசி, அதற்கப்புறம் ஏரி. ஆகவே எனக்குப் பக்கத்து வீடு என்றால் அந்த ஒரு வீடுதான். அண்ணி எனக்கு நாலடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னா வாத்தியாரே, கண்ணு அவிஞ்சி போச்சா? நல்லா பாத்துப் படி" என்றாள்.

"ரெண்டு தபா பாத்துட்டேம்மா. அப்படித்தான் போட்டிருக்கு."

"அப்ப என் பேரு?"

"உன் பேரும் கீழே இருக்கு. அதுலயும் அவர் பேருதான்."

பின்னாலிருந்து ஒரு ஆண் குரல், "செலவில்லாம சர்க்காரே கண்ணாலம் கட்டி வெச்சிட்டாங்கப்பா" என்றது. இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அண்ணி திரும்பிய திருப்பில் அந்தச் சிரிப்பு நின்றது.

பட்டியலில் என்னைப்போல் இன்னும் சில பெண்களுக்கும் புருஷன் மாறியிருந்தது. பல்லில்லாத ஒரு கிழவிக்கு, போன தையில் கல்யாணமான பையன் புருஷனாக வந்திருந்தான். அதற்கு எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், கிழவியும் சிரித்தாள். என் பெயருக்கு யாரும் அப்படிச் சிரிக்கவில்லை. புருஷன் பக்கத்தில் இல்லாத நாற்பது வயதுக்காரி நான். அதில் சிரிக்க ஒன்றும் இல்லை என்று அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வாத்தியார் தாளின் அடியில் இருந்ததைக் கடைசியாகப் படித்தார். ஒரு குடும்பத் தலைவருக்கு ஒரு வீடுதான். வெள்ளிக்கிழமை அதிகாரி வருவார். தப்பு இருந்தால் அன்று சொல்ல வேண்டும். அன்று திருத்தாததைப் பிறகு திருத்த முடியாது.

அதாவது அண்ணிக்கும் எனக்கும் சேர்த்து ஒரு வீடு. இல்லாவிட்டால் அவளுக்கு மட்டும்.

நான் வாயைத் திறக்கவில்லை. காரணம், அந்தப் பட்டியலைப் போட்டது என் மகள். அதை ஊருக்குச் சொன்னதும் நானேதான். எங்கள் குப்பத்திலிருந்து மெட்ராஸ் காலேஜுக்குப் போன முதல் பெண் அவள். அங்கே கம்ப்யூட்டர் இருந்ததால் அதிகாரிகள் கணக்கெடுத்த தாள்களைக் காலேஜில் கொடுத்திருந்தார்கள். உன் ஊர்தானே, நீயே செய் என்று அவளுடைய சார் அவளிடம் கொடுத்துவிட்டார். ஒரு மாதமாக நான் போகிற இடமெல்லாம், "உங்க பேரெல்லாம் எம் பொண்ணு கையிலதான் கீது" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்தப் பெருமையெல்லாம் அன்று வாத்தியார் கண்ணாடியைத் துடைத்த நேரத்தில் என் காலடிக்கு வந்துவிட்டது.

என் புருஷனைப் பற்றிச் சொல்ல வேண்டும். மகள் இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது ஒரு நாள் காலையில் முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குப் போனார். காற்று மாறியதும் மற்றவர்கள் திரும்பினார்கள். இவர் திரும்பவில்லை. பத்து நாள் கழித்துக் கட்டுமரம் மட்டும் ஆந்திரப் பக்கம் ஒதுங்கியதாகச் செய்தி வந்தது. உடம்பு வரவில்லை. தாலியைக் கழற்று என்று ஊர் சொன்னது. ஆளைக் கொண்டு வந்து காட்டுங்கள், கழற்றுகிறேன் என்றேன். முதல் வருஷம் சொன்னார்கள், இரண்டாம் வருஷம் சொன்னார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். இது எழுபதுகளில். பட்டியல் வந்தது எண்பதுகளின் கடைசியில். பதிமூன்று வருஷம் ஆகியிருந்தது.

அவர் பெயரை நான் சொல்லமாட்டேன். எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்துப் பெண்கள் யாருமே புருஷன் பெயரைச் சொல்லமாட்டோம், சொன்னால் புருஷன் ஆயுசு குறையும் என்பார்கள். சாயங்காலமானால் வீட்டுக்கு வருகிற புருஷனுக்கே அப்படி. எங்கே இருக்கிறார் என்றே தெரியாதவர் பெயரை நான் எப்படிச் சொல்வேன்?

சொல்ல வேண்டிய இடம் வந்தால் அதற்கு ஒரு வழி உண்டு. பக்கத்தில் நிற்கிறவள் சொல்லிவிடுவாள். அவள் புருஷன் பெயரை நான் சொல்வேன், என் புருஷன் பெயரை அவள் சொல்வாள். ரேஷன் கார்டுக்கு, ஓட்டுக்கு, தர்மாஸ்பத்திரி சீட்டுக்கு எல்லாம் அண்ணியும் நானும் அப்படித்தான் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தோம். அந்தக் கார்டெல்லாம் புயலில் தண்ணீரோடு போயிற்று. கணக்கெடுக்க ஆள் வந்த அன்றைக்கோ எங்களுக்குள் பேச்சு வார்த்தை இல்லை. அவள் கோழி என் கருவாட்டில் வாய் வைத்தது, நான் கேட்டேன், அவள் ஒன்று சொன்னாள், நான் இரண்டு சொன்னேன். ஆம்பளைகள் ஏரியில், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். அவளுக்கு மாமியார் இருந்தாள், மகன் பெயரைச் சொல்லிவிட்டாள். என் வாசலுக்கு வந்த ஆள், "புருஷன் பேரு?" என்று கேட்டான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அண்ணி அவள் வாசலில் நின்று முறம் புடைத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. வந்தவன் ஒரு கோடு இழுத்துவிட்டு, அப்புறம் கேட்டு எழுதிக்கொள்கிறேன் என்று போய்விட்டான். அந்த அப்புறம் வரவே இல்லை.

பட்டியல் படித்த மறுநாள் இறால் தடவப் போனோம். போகாமல் இருந்தால் அதற்கும் ஒரு அர்த்தம் சொல்வார்கள் என்று நானும் போனேன். கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து நகர்ந்தபடி சேற்றுக்குள் இரண்டு கையாலும் தடவி இறாலைப் பிடிக்க வேண்டும். பிடித்ததைப் போட பனையோலையில் பின்னிய பறி. அதன் கயிற்றைப் பல்லில் கவ்விக்கொள்வோம், இரண்டு கையும் வேண்டியிருப்பதால். ஆகவே தண்ணீருக்குள் எவளாலும் பேச முடியாது.

அண்ணி எனக்கு நேர் எதிரே உட்கார்ந்து தடவினாள். பறிக் கயிறு அவள் பல்லுக்கு நடுவில் இருந்தது. கண் என்மேலேயே இருந்தது. நான் நகர்ந்தால் அவளும் நகர்ந்தாள். அவள் பேசியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அந்தப் பார்வைக்கு என்ன பதில் சொல்வது? இறால் முள் என் விரலில் ஏறியதுகூடக் கரைக்கு வந்துதான் தெரிந்தது.

கரையேறியதும் கயிற்றைத் துப்பிவிட்டுச் சொன்னாள். "வெள்ளிக்கிழம ஆபீசராண்ட நானே சொல்லப்போறன். பொண்ணு எழுதினா அம்மாளுக்குப் புருஷன் கெடைக்கறான்னு."

"அண்ணி, பதிமூணு வருஷமா அவர அண்ணன்னு கூப்ட்றன்."

"அதத்தான் நானும் யோசிக்கறன்" என்றாள். ஈரப் புடவையைப் பிழிந்துகொண்டு போய்விட்டாள்.

புதன்கிழமை விடிந்ததும் பழவேற்காடு வரைக்கும் நடந்து, பஸ் ஏறி, பொன்னேரியில் ரயில் பிடித்து மெட்ராஸ் போனேன். காலேஜ் வாசலில் காவல்காரர் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். கம்ப்யூட்டரைப் பார்க்க வேண்டும் என்றேன். மகள் பெயரைச் சொன்னால் விஷயம் காலேஜ் முழுக்கப் பரவிவிடுமோ என்று பயம்.

அவர் கம்ப்யூட்டர் அறைக்குச் சொல்லியனுப்ப, மகள் ஓடி வந்தாள். நான் சொன்னதைக் கேட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டாள். "நானாம்மா? நானா அப்படிப் போட்டேன்?"

"நீதான். வா, சரி பண்ணு."

கம்ப்யூட்டர் அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றச் சொன்னாள்.

"இது இன்னா கோயிலா?"

"தூசி ஆவாதும்மா."

உள்ளே ஜில்லென்று இருந்தது. என்னோடு மீன் வாடையும் உள்ளே வந்தது. இரண்டு பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். நானும் அவர்களைப் பார்த்தேன். திரும்பிக்கொண்டார்கள். மகளுக்கு நாலு மணி வரைக்கும்தான் இடம், அதற்குப் பிறகு வேறு ஒருவருக்கு. சுவர்க் கடிகாரத்தில் சின்ன முள் இரண்டைத் தாண்டியிருந்தது. விட்டால் மறுநாள் முழுக்க அவளுக்கு முறை இல்லை.

பெர்ல் என்று ஒரு புது மொழியில் அதைச் செய்திருந்தாள். வெளிநாட்டிலிருந்து டேப்பில் வந்ததாம். அவளே இருபது நாள்தான் படித்திருந்தாள். திரையில் பச்சை எழுத்தில் வந்ததைப் பார்த்தேன். எழுத்தைவிடப் புள்ளியும் கோடும் சாய்ந்த கோடும் அடைப்பும்தான் அதிகம். சேற்றில் உள்ளான் குருவி நடந்துபோன மாதிரி இருந்தது.

"இது இன்னா பண்ணுது, சொல்லு" என்றேன்.

"வரி வரியா படிக்கும்மா. ஒரு வீட்டுக்கு ஒரு வரி. மனைவின்னு காட்ட இங்கிலீஷ்ல ஒரு குறி கீது. அந்தக் குறி வரியில எங்க கீதுன்னு தேடும். கெடைச்சா அதுக்கு அப்பால வர்ற பேரப் புடிச்சி வெச்சிக்கும். தோ, இந்த ரெண்டு சாஞ்ச கோட்டுக்கு நடுவுல கீது பாரு, அதான் எதத் தேடணும்னு சொல்ற அச்சு."

"வலைக்கண்ணு மாரி."

"ஆமா. கண்ணுக்கு ஏத்தது சிக்கும். மத்தது போயிடும்."

அவள் கணக்கெடுத்த தாள்களை எடுத்துப் புரட்டினாள். கொஞ்ச நேரத்தில் "அம்மா" என்று கத்தினாள். ஒரு ஆள் அந்தக் குறியைச் சின்ன எழுத்தில் எழுதியிருந்தான், இன்னொரு ஆள் பெரிய எழுத்தில், மூன்றாமவன் முழுச் சொல்லாக நீட்டி எழுதியிருந்தான். அவள் வைத்த அச்சு சின்ன எழுத்துக்கு மட்டும்தான். பெரிய எழுத்தும் முழுச் சொல்லும் வந்த வரியெல்லாம் சிக்காமல் போய்விட்டது.

"இத்த மாத்தினா சரியாயிடும்" என்று மடமடவென்று தட்டினாள். அச்சு மிஷின் கரகரவென்று சத்தம் போட்டுக்கொண்டு தாளைத் தள்ளியது. அவள் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே போனாள். முகம் தெளிந்து வந்தது. "இவங்களுக்குச் சரியாச்சி. இவங்களுக்கும். இவங்களுக்கும்." திடீரென்று நின்றாள்.

"எனக்கு?"

தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"சொல்லுடி."

"அவர் பேருதாம்மா கீது. உன்னையும் சேத்து பதினோரு பேருக்கு அப்படியே கீது."

மணி மூன்றாகிவிட்டது. வாசலில் அடுத்த முறைக்காரன் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். அவள் அந்தச் சாய்ந்த கோடுகளுக்கு நடுவில் எதையோ கூட்டினாள், எதையோ குறைத்தாள். மறுபடி அச்சடித்தாள். அதே பதினோரு பேர். இன்னொரு தடவை. அதே பதினோரு பேர். "தேடற அச்சு சரியாத்தாம்மா கீது, அச்சு சரியாத்தான் கீது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பதினோரு பேர எனக்குப் படி" என்றேன்.

படித்தாள். தெரு முனை, நடுத்தெரு, ஏரி ஓரம் என்று மாறி மாறி வந்தது.

"இன்னா வரிசைல படிக்கிற நீ?"

"ஏ, பி, சி வரிசைம்மா. கடைசில அப்படி அடுக்கித்தான் அச்சடிக்கும்."

"ஏ, பி எனக்குத் தெரியாது. தெரு தெரியும். வீட்டு வரிசைல படி."

"நேரம் இல்லம்மா."

"படி."

அவள் கணக்கெடுத்த தாளை வீட்டு வரிசைப்படி வைத்துக்கொண்டு படித்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டு எங்கள் தெருவில் மேலண்டையிலிருந்து நடந்தேன். அவசரப்படவில்லை. அவசரப்பட்டால் வீடு தவறிவிடும். முதலில் பல்லில்லாத கிழவி வந்தாள். அவளுக்கு வந்த புருஷன் அந்தப் புதுமாப்பிள்ளைப் பையன். அவன் வீடு கிழவி வீட்டுக்கு முந்தின வீடு. கொஞ்சம் தள்ளி, வலை பின்னுகிறவள். அவளுக்கு வந்தவனும் முந்தின வீட்டுக்காரன். பதினோரு பேரில் அடுத்தவளுக்கும் முந்தின வீட்டுக்காரன்.

"முந்தின வூட்டு ஆம்பள" என்றேன். "எல்லாத்துக்கும் முந்தின வூட்டு ஆம்பளதான் வர்றான். படி, பாப்போம்."

நாலாவது வீட்டில் அவள் குரல் நின்றது. கண்ணைத் திறந்து பார்த்தேன். அவள் தாளைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பதினோரு வூட்லயும் புருஷன் பேரு எழுதல. கோடுதான் கீது" என்றாள் மெதுவாக. "ஒண்ணும் சிக்கலன்னா, முன்ன புடிச்ச பேரு அப்படியே நிக்குது. நான் அந்தப் பேர வெக்கிற எடத்த ஆரம்பத்துலேயே, எல்லாத்துக்கும் வெளிய வெச்சிட்டன். தெருவுக்கே ஒண்ணு வெச்சிட்டம்மா. வூட்டுக்கு ஒண்ணு வெக்கணும். வூட்டுக்குள்ள நுழையறப்ப புதுசா பொறக்கணும், வெளிய வந்தா அதோட போயிடணும்."

"பறியக் கொட்டாம அடுத்தவளாண்ட குடுத்திருக்க."

அவள் என்னைப் பார்த்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. ஒரு சுருள் அடைப்பு திறக்கிற இடத்தில், அதற்கு உள்பக்கமாக, ஒரு வரி சேர்த்தாள். தட்டும்போது லோக்கல் என்று ஒரு சொல்லை வாய்விட்டுச் சொன்னாள். நான் வந்த ரயிலுக்கும் அதே பெயர் என்பதால் எனக்கு நினைவில் நின்றுவிட்டது. அப்புறம் எனக்காக ஏ, பி, சியை எடுத்துவிட்டு வீட்டு வரிசையிலேயே அச்சடித்தாள். நாலடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது மிஷின் நின்றது.

கடைசி வரியில் என் பெயரைக் காட்டினாள். அண்ணன் பெயர் போயிருந்தது. அந்த இடம் வெறுமையாக இருந்தது.

"உன் நைனா பேரப் போடு இங்க" என்றேன்.

"நான் போடக் கூடாதும்மா. கணக்கெடுத்த தாள்ல இல்லாத ஒரு எழுத்த நான் சேர்த்தாலும் மொத்தப் பட்டியலும் செல்லாதுன்னு சார் சொல்லியிருக்காரு. வெள்ளிக்கிழம அதிகாரி கேப்பாரு. நீ சொல்லிடு."

"நான் சொல்லமாட்டன்."

"சொல்லலன்னா வூடு இல்லம்மா."

"தெரியும்."

வியாழக்கிழமை அவளும் நானும் ஊருக்குத் திரும்பினோம். பஸ் திருப்பாலைவனம் தாண்டியதும் அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "நைனா இல்லம்மா. உனக்கும் தெரியும்" என்றாள்.

"வாய மூடு."

"பேர சொன்னா இன்னா ஆயிடும்? இல்லாதவருக்கு எந்த ஆயுசு கொறையப்போவுது?"

நான் கையை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். ஓங்கிய கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். ஏழு வயதில் அப்பா முகத்தைக் கடைசியாகப் பார்த்தவள் அவள். மறந்திருப்பாள், அதனால் பேசுகிறாள் என்று அன்றைக்கு நினைத்தேன். மறக்கவில்லை என்று பிறகு எத்தனையோ நாள் கழித்துத் தெரிந்தது. அது வேறு கதை.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்து முற்றத்தில் மேசை போட்டிருந்தார்கள். அதிகாரி நடு வயதுக்காரர், நல்ல மனுஷர்தான். ஆனால் அவசரம். எங்களை முடித்துவிட்டு அன்றைக்கே தோணிரேவு குப்பத்துக்கும் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். மகள் புதுப் பட்டியலை அவரிடம் கொடுத்து, தப்பு தன்னுடையது, மிஷினுடையது இல்லை என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். அது எனக்குப் பிடித்திருந்தது.

அவர் வீட்டு வரிசையில் கூப்பிட்டார். பெயர் இருந்தவர்கள் கைநாட்டு வைத்துவிட்டுப் போனார்கள். முதல் வெற்றிடம் பல்லில்லாத கிழவிக்கு.

"புருஷன் பேரு சொல்லும்மா."

கிழவி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். செத்துப் பல வருஷமான புருஷன் பெயரைச் சொல்ல அவளுக்கும் வெட்கம். அதிகாரி பேனாவால் மேசையைத் தட்டினார். வாத்தியார் குனிந்து எங்கள் வழக்கத்தைச் சொன்னார். அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

"சரி. குடும்பத்து ஆள் சொல்லக் கூடாது. பக்கத்து வீட்டுப் பொம்பளை வந்து சொல்லட்டும், சொன்னதுக்குக் கைநாட்டு வைக்கட்டும். பக்கத்து வீடுன்னா பக்கத்து வீடுதான், ஊர்ல எவளோ வந்து சொன்னா ஒத்துக்கமாட்டேன்."

அதன் பிறகு வேலை சுலபமாக நடந்தது. ஒருத்தி மற்றவளுடைய புருஷன் பெயரைச் சொன்னாள். அவளுக்கு இவள் சொன்னாள். பதினோரு பேரில் பத்துப் பேர் முடிந்தார்கள். கிழவிக்குப் பேர் சொன்னது அந்தப் புதுமாப்பிள்ளையின் பெண்சாதி. "என் சக்களத்திக்கு நான்தானே சொல்லணும்" என்று சொல்லிவிட்டுச் சொன்னாள். அதிகாரியே சிரித்தார்.

பிறகு என் பெயரைக் கூப்பிட்டார்.

எனக்குப் பக்கத்து வீடு ஒன்றுதான் என்று சொன்னேனே. அந்தப் பக்கம் தண்ணீர்.

"பக்கத்து வீடு யாரு?" என்றார் அதிகாரி.

அண்ணி தூணோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். வாயில் வெற்றிலை. மென்றுகொண்டிருந்தாள். எல்லாருடைய கண்ணும் அவளிடம் போய் என்னிடம் வந்தது. அவளை நான் பார்க்கவில்லை. கெஞ்சுகிற பார்வையை என் முகத்தில் அவள் பார்க்கக் கூடாது. மேசைக்கால் ஒன்று மண்ணில் புதைந்திருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மகள், "சார், அவரு பேரு..." என்று ஆரம்பித்தாள்.

"நீ பேசாதம்மா. பட்டியல் போட்டவளே நீ. உன் வீட்டு வரியை நீயே எழுதிக்கிட்டன்னு நாளைக்குப் பேச்சு வரும்" என்றார். "நீயாவது சொல்லும்மா" என்று என்னைப் பார்த்தார்.

வீடு போனால் போகட்டும் என்று ஒரு பக்கம். மழைக்கு மறுபடியும் புயலுக்கப்புறம் கட்டின சாக்குத் தட்டிக்குள் எப்படி என்று ஒரு பக்கம். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே ஒரு குரல். வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன்.

அண்ணன் ஓரடி முன்னால் வந்தார். "நான் சொல்றன் சார்" என்றார்.

"நீ வாயத் தொறந்த, அவ்ளோதான்" என்றாள் அண்ணி. "உம் பேர அங்க ஒட்டினது பத்தாதா?"

அவர் பின்னால் போனார். அதிகாரி பேனாவை மூடினார். "சொல்ல ஆள் இல்லேன்னா இந்த வரியை அடிச்சிட்டுப் போறேன். எனக்கு நேரமில்லை."

அண்ணி முற்றத்து ஓரமாகப் போய் வெற்றிலையைத் துப்பினாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். மேசைக்கு எதிரே வந்து நின்று, என் மாமனார் பெயரைச் சொல்லி, அவர் மகன் என்று சொல்லி, என் புருஷன் பெயரைச் சொன்னாள். முழுப் பெயரையும். உரக்க.

பதிமூன்று வருஷத்தில் என் காது கேட்க யாரும் அந்தப் பெயரை இப்படி உரக்கச் சொன்னதில்லை. கார்டுக்கும் சீட்டுக்கும் சொல்லும்போதுகூட எனக்காக அண்ணி எழுதுகிறவர் காதோடுதான் சொல்வாள். கேட்டதும், பின்னால் இருந்து யாரோ அவரைக் கூப்பிடுகிறார்கள், அவர் இதோ வருகிறார் என்பது மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்துவிட்டேன், பைத்தியக்காரி மாதிரி.

அதிகாரி எழுதினார். எழுதிக்கொண்டே, "இப்ப உயிரோட இருக்காரா? மனைவின்னு போடறதா, விதவைன்னு போடறதா?" என்றார்.

இதை நான் நினைத்தே பார்க்கவில்லை. மகளும் நினைக்கவில்லை. அவள் கை என் கையைப் பிடித்தது. அண்ணி என் முகத்தைப் பார்த்தாள். அந்த வாரத்தில் முதல் தடவையாக நானும் கண்ணைத் திருப்பாமல் அவளைப் பார்த்தேன். பிறகு அவள் கண் என் கழுத்துக்கு இறங்கியது.

"இதுல கேக்கறதுக்கு இன்னா கீது?" என்றாள் அதிகாரியிடம். "கழுத்துல கீதே, கண்ணு தெரியலியா? மனைவின்னு போடு சார்."

அவர் போட்டார். அண்ணி கட்டை விரலை மையில் தோய்த்து அந்த வரிக்குப் பக்கத்தில் அழுத்தினாள். வேண்டியதற்கு மேலேயே அழுத்தினாள்.

மேசையைவிட்டு நகரும் முன் மகளிடம் அந்தப் பெயர் எது என்று கேட்டேன். பேனா மையில் எழுதியிருந்ததைக் காட்டினாள். இங்கிலீஷில் பார்த்து எனக்குத் தெரிந்த ஒரே சொல் அதுதான். இன்றைக்கும் எங்கே பார்த்தாலும் அடையாளம் தெரியும். ஆனால் அதை இங்கே எழுதப்போவதில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது அண்ணி எனக்கு முன்னால் நடந்தாள். பேசாமல் போக என்னால் முடியவில்லை.

"அண்ணன்னு ஒரு வார்த்த சேத்து சொல்லியிருக்கலாம் இல்ல? வெறும் பேரா சொல்ட்ட" என்றேன்.

அவள் நிற்காமலே சொன்னாள். "சேத்துச் சொல்லியிருந்தா அத்தயும் பேருன்னு எழுதியிருப்பாரு. அப்பால உம் பொண்ணு மிஷினு அந்த அண்ணன எல்லா வூட்டுக்கும் ஒட்டிட்டு வரும்."

என் மகள் பின்னால் வந்துகொண்டிருந்தவள், சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் அண்ணியின் கோழி மறுபடியும் என் கருவாட்டுப் பக்கம் வந்தது. நான் விடவில்லை. அவள் வாசலில் போய் நின்று கேட்டேன்.